பஞ்சு மாதிரி உறிஞ்சிப் பிழியலாம் என்றால், ஏன் எல்லாப் புகைபோக்கியிலும் இல்லை?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். 2025 வேதியியல் நோபல் பரிசுச் செய்தியில், ஆலைப் புகையில் இருக்கும் வேண்டாத வாயுவைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி, பிறகு பிழிந்துவிட்டு, அதே பொருளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று படித்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. அப்படி ஒரு பொருள் நிஜமாகவே இருந்தால் அந்தப் புகைபோக்கியில் ஏன் இன்னும் அதை மாட்டவில்லை என்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பொருள் நிஜமா என்பது முதல் கேள்வி. நிஜம்தான், இப்படி உறிஞ்சிப் பிழியும் பொருட்கள் பல பத்தாண்டுகளாக ஆலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏன் எல்லா இடத்திலும் இல்லை என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். உறிஞ்சுவதைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள், செலவும் தலைவலியும் இருப்பது பிழிவதில்.

நான் வேதிப் பொறியாளர். முதல் ஒன்பது வருடம் கரைப்பான் மீட்பு யூனிட்டுகளில் இருந்தேன், அப்புறம் ஒரு சுத்திகரிப்பு ஆலையில், அமீன் என்ற திரவத்தால் வாயுவைக் கழுவும் யூனிட்டைப் பார்த்துக்கொண்டேன். மின் நிலையத்தில் வேலை செய்ததில்லை. அதனால் மின் நிலையம் பற்றி நான் சொல்வது வெளியான அறிக்கைகளைப் படித்தும், இந்தப் பொருட்களோடு புழங்கிய அனுபவத்தை வைத்தும்தான்.

நமக்கெல்லாம் தெரிந்த சுண்ணாம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். காளவாயில் சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சுடும்போது அதிலிருந்து வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு, மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதை நீற்றிச் சுவரில் அடித்தால், நாளாக ஆக வெள்ளை கெட்டிப்பட்டுக் கையில் ஒட்டாமல் போகிறது இல்லையா, அந்த நாட்களில் சுவர் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைத் திரும்பக் குடித்து மறுபடியும் கல்லாகிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்ட பஞ்சு இதுதான். ஆலையில் இதையே வேகமாகச் செய்கிறார்கள். ஒரு கலனில் சுமார் 650 டிகிரியில் சுட்ட சுண்ணாம்பைப் புகையோடு கலந்தால் வாயுவைப் பிடித்துக்கொள்ளும், பிடித்ததை அடுத்த கலனில் 900 டிகிரிக்கு ஏற்றினால் விட்டுவிடும். கால்சியம் லூப்பிங் என்று பெயர். ஸ்பெயினில் லா பெரேடா என்ற இடத்தில் அனல்மின் நிலையத்தை ஒட்டி 1.7 மெகாவாட் வெப்ப அளவில் ஒரு சோதனை அமைப்பை ஓட்டியும் பார்த்தார்கள். கல் மலிவு, விஷம் கிடையாது, ஓய்ந்துபோன சுண்ணாம்பை சிமெண்ட் ஆலைக்கே கொடுத்துவிடலாம். எல்லாம் சரி, ஆனால் ஒவ்வொரு முறை சுடும்போதும் துகள்கள் சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே இருக்கும் நுண்துளைகள் மூடிக்கொண்டே வருகின்றன. முதல் சுற்றில் பத்தில் ஏழு பங்கு வேலை செய்த சுண்ணாம்பு, 20 சுற்று போனபின் ஐந்தில் ஒரு பங்குகூட வேலை செய்வதில்லை. அதனால் பழையதை எடுத்துப் புதுக்கல்லைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். திரும்பப் பயன்படுத்தலாம் என்று யார் சொன்னாலும் உடனே எத்தனை முறை என்று கேளுங்கள்.

அடுத்தது ஜியோலைட். கம்ப்ரஸர் அறையில் காற்றை உலர்த்தும் கலனுக்குள் மாலிகுலார் சீவ் என்று ஜவ்வரிசி மாதிரி உருண்டைகள் இருக்கும், அது இந்தப் பொருள்தான். புதுப் பையைப் பிரித்து நாலைந்து உருண்டையை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுரீரென்று சூடேறும். ஒரு பிடி எடுத்தால் கை பொறுக்காது. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் செய்து காட்டுவேன். தண்ணீரை அது எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதை அந்தச் சூடு சொல்லிவிடுகிறது. பிடித்ததை வெளியேற்ற வேண்டுமானால் அந்த வெப்பத்தையாவது திருப்பிக் கொடுத்தாக வேண்டும், நடைமுறையில் பாத்திரத்தையும் உருண்டைகளையும் சேர்த்துச் சூடேற்ற வேண்டியிருப்பதால் அதைவிட நிறையவே ஆகும். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது மருத்துவமனை வளாகங்களில் பிஎஸ்ஏ ஆக்சிஜன் பிளாண்ட் வைத்தார்களே, அதற்குள்ளும் ஜியோலைட்தான். அழுத்தத்தில் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனைப் போகவிடும், அழுத்தத்தை இறக்கினால் நைட்ரஜனை விட்டுவிடும், சூடே வேண்டாம், வருடக்கணக்கில் ஓடும். நைட்ரஜனை அது லேசாகத்தான் பிடிக்கிறது, அதனால்தான் அவ்வளவு சுலபமாக விடுகிறது.

லேசாகப் பிடித்தால் பிழிவது சுலபம், ஆனால் புகையில் கொஞ்சமாக இருக்கும் வாயுவைப் பிடிக்காமல் விட்டுவிடும். இறுக்கிப் பிடித்தால் புகை சுத்தமாகும், பிழிய ஏகப்பட்ட சூடு செலவாகும். இந்தத் துறையில் இருப்பவர்கள் காலம் முழுக்கத் தேடுவது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு பிடியைத்தான். அதோடு, பிடிக்க வேண்டியதை விட்டு வேறொன்றைப் பிடிக்காமலும் இருக்க வேண்டும். நிலக்கரிப் புகையில் கார்பன் டை ஆக்சைடு 12 முதல் 15 சதவீதம் இருக்கும், கூடவே நீராவியும் கணிசமாக இருக்கும். ஜியோலைட்டை நேராக அந்தப் புகையில் வைத்தால் முதலில் தண்ணீரைப் பிடித்து நிரம்பிவிடும், கார்பன் டை ஆக்சைடுக்கு இடமே இருக்காது. ஏறிய தண்ணீரை எடுக்க 250, 300 டிகிரி வரை போக வேண்டும்.

நான் அதிகம் புழங்கியது கிளர்வூட்டிய கரியோடு. ஆலையில் ஆக்டிவேட்டட் கார்பன் அல்லது வெறும் கார்பன் என்போம். தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, நீராவியில் சுட்டுத் துளை உண்டாக்கிச் செய்வது. ஒரு கிராமுக்குள் 1,000 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு ஒளிந்திருக்கும். தமிழ்நாடு, கேரளம், இலங்கை மூன்றிலிருந்தும் உலகம் முழுக்கப் போகிறது. அச்சு, பெயிண்ட், பிசின் தடவும் ஆலைகளில் காற்றோடு போகும் டொலுயீன் போன்ற கரைப்பான் ஆவியை இது அருமையாகப் பிடிக்கும். இரண்டு கலன்கள் இருக்கும், ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும்போது மற்றதில் நீராவியை விட்டுப் பிழிவோம். வரும் ஆவியைக் குளிர்வித்தால் டொலுயீன் தண்ணீரோடு கலக்காமல் மேலே மிதக்கும். கண்ணாடித் துவாரம் வழியாக அந்தக் கோடு ஏறுவதைப் பார்க்கும்போது, காற்றில் போயிருக்க வேண்டியது திரும்ப டிரம்முக்குப் போகிறது என்று மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும். ஒரு கிலோ கரைப்பானைப் பிழிய ஏறத்தாழ 3 முதல் 5 கிலோ நீராவி ஆகும். கரைப்பானுக்கு விலை இருப்பதால் அந்த நீராவிச் செலவு கட்டுப்படியாகிறது, அதனால் யாரும் வற்புறுத்தாமலே ஆலைகள் இதை வைத்துக்கொள்கின்றன. பஞ்சு உவமை முழுக்கப் பொருந்தும் இடம் என்று நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

இதிலும் கரி என்றென்றைக்கும் உழைப்பதில்லை. பிசினில் இருக்கும் கனமான பொருட்கள் நீராவிக்கு அசையாமல் துளைக்குள்ளேயே தங்கிவிடும், சில வருடங்களில் கரியை மாற்றியாக வேண்டும். ஆபத்தும் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு ஆலையில் எம்ஈகே, சைக்ளோஹெக்ஸனோன் என்ற இரண்டு கரைப்பான்கள் ஓடின. பொங்கலுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள், ஒரு கலனைப் பிழியாமல் அப்படியே மூடிவிட்டுப் போய்விட்டார்கள். திரும்பி வந்து காற்றைத் திறந்தபோது வெளியேறும் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அளவு ஏறிக்கொண்டே போனது. மேல் மூடியைத் திறக்கவில்லை, திறந்திருந்தால் காற்று பட்டுக் குப்பென்று பிடித்திருக்கும். தண்ணீரைப் பாய்ச்சி நிரப்பினோம். மறுநாள் வடித்துவிட்டுப் பார்த்தால் நடுவில் ஒரு அண்டா அளவுக்குக் கரி வெந்து சாம்பல் பூத்துக் கட்டிக் கட்டியாக இருந்தது. அந்த இரண்டும் கீட்டோன் வகைக் கரைப்பான்கள், இவை கரியின் பரப்பில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெதுவாகச் சூடாகும், காற்றோட்டம் நின்றுவிட்டால் அந்தச் சூடு போக வழியில்லாமல் தங்கிவிடும். அன்றிலிருந்து விடுமுறைக்கு முன் நீராவி விட்டு ஈரத்தோடு மூடிவைப்பதை எந்த ஆலையிலும் நானே நின்று செய்வேன்.

இப்போது உங்கள் புகைபோக்கிக்கு வருகிறேன். கார்பன் டை ஆக்சைடுக்கு இன்றைக்குப் பெரிய அளவில் ஓடுவது திடப்பொருள் இல்லை, அமீன் என்ற திரவம். இதற்கான காப்புரிமை 1930லேயே வந்துவிட்டது. தண்ணீரில் 30 சதவீதம் மோனோஎத்தனாலமீன் கலந்து, 40, 50 டிகிரியில் புகையைக் கழுவினால் வாயுவைப் பிடிக்கும். 120 டிகிரிக்குச் சூடேற்றினால் விடும். குளிரவைத்துத் திரும்ப அனுப்ப வேண்டும். பிழியும் செலவை நம் வீட்டு மின்கட்டணக் கணக்கில் சொல்கிறேன். ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை விடவைக்க ஏறத்தாழ ஒரு யூனிட் அளவுக்கு வெப்பம் வேண்டும். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் 0.9 முதல் 1 கிலோ வரை கார்பன் டை ஆக்சைடு வருகிறது. அப்படியென்றால் விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு யூனிட் வெப்பத்தைப் பிழிவதற்கென்றே ஒதுக்க வேண்டும். அந்த நீராவி டர்பைனுக்குப் போயிருந்தால் மின்சாரமாகியிருக்கும். பிடித்த வாயுவை அழுத்தும் செலவையும் சேர்த்தால் நிலையத்தின் உற்பத்தியில் 20 முதல் 30 சதவீதம் குறைந்துவிடும். புதுவகை அமீன்கள் இந்த வெப்பத்தை ஓரளவு குறைத்திருக்கின்றன, பாதியாகக் குறைத்துவிட்டதாக யாராவது சொன்னால் எந்த ஆலையில், எத்தனை மாதம் ஓட்டி என்று கேட்காமல் நம்பமாட்டேன்.

அமீன் கெட்டும் போகும். புதிதாக ஊற்றும்போது தண்ணீர் மாதிரி இருப்பது, ஆக்சிஜனும் சூடும் பட்டு நாள்பட நாள்பட டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிடும். நுரைக்கும், அம்மோனியா வாடை அடிக்கும், குழாயை அரிக்கும். புகையில் கந்தக டை ஆக்சைடு இருந்தால் அதோடு சேர்ந்து உப்பாகிவிடும், அந்த உப்பு 120 டிகிரிக்கு அசையாது, பிடித்தது பிடித்ததுதான். கனடாவில் பவுண்டரி டேம் நிலையத்தில் 2014இல் தொடங்கிய அமைப்பு வருடத்துக்கு 10 லட்சம் டன் என்று திட்டமிடப்பட்டது. சாம்பல் தூசியும் அமீன் கெடுவதும் அவர்களை வருடக்கணக்கில் படுத்தியெடுத்தன. அமெரிக்காவில் பெட்ரா நோவா என்ற அமைப்பு 2017இல் தொடங்கி, பிடித்த வாயுவை எண்ணெய்க் கிணற்றுக்கு விற்றது. 2020இல் எண்ணெய் விலை விழுந்ததும் மூடினார்கள், 2023இல்தான் திறந்தார்கள். அந்த மூன்று வருடமும் வேதியியல் அப்படியேதான் இருந்தது, வாங்கிக்கொள்ளும் ஆளுக்குத்தான் கட்டுப்படியாகாமல் போனது.

வாங்க ஆள் இருக்கும் இடத்தில் நம் நாட்டிலும் ஓடுகிறது. உத்தரப் பிரதேசத்தில் இஃப்கோவின் ஆன்லா, பூல்பூர் உர ஆலைகளில் 2006 முதல் ஒவ்வொன்றிலும் நாளுக்கு 450 டன் பிடிக்கும் அமைப்புகள் இருக்கின்றன. அங்கே எரிவது இயற்கை எரிவாயு, அதனால் புகையில் கந்தகத் தொல்லை மிகக் குறைவு. பிடித்த வாயு அதே வளாகத்தில் யூரியாவாகிவிடுகிறது. தூத்துக்குடியில் ஆல்கலி ஆலை ஒன்றில் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்தே பிடித்து சோடா உப்பு செய்ய 2016இல் அமைத்தார்கள், வருடத்துக்கு 60,000 டன் என்று அறிவித்தார்கள். நான் மதிக்கும் முயற்சி அது. ஆனால் அளவைப் பாருங்கள்: 500 மெகாவாட் நிலக்கரி யூனிட் ஒன்று முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கே 10,000 டன்னுக்கு மேல் விடுகிறது. தூத்துக்குடியில் வருடம் முழுக்கப் பிடிப்பதாக அறிவித்தது அந்த ஒரு யூனிட்டின் ஆறு நாள் புகைக்குச் சமம். நாட்டில் இருக்கும் எல்லா சோடா உப்பு ஆலைகளையும் யூரியா ஆலைகளையும் சேர்த்தாலும் மின் நிலையங்கள் விடுவதை வாங்கித் தீர்க்க முடியாது. மிச்சத்தை நிலத்துக்கு அடியில்தான் புதைத்தாக வேண்டும், அது தனிப் பெரிய கதை.

சரி, திரவத்துக்குப் பதில் திடப்பொருள் என்றால் அவ்வளவு தண்ணீரைச் சூடேற்ற வேண்டாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆராய்ச்சி முழுக்க அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. ஒரு சின்னக் கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். அதே 500 மெகாவாட் யூனிட்டில் மணிக்கு 400 டன் பிடிக்க வேண்டும். ஒரு கிலோ பொருள் ஒரு சுற்றில் 50 கிராம் பிடித்து விடுகிறது, ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 8,000 டன் பொருள் வேண்டும், அதாவது 20 டன் லாரியில் 400 லோடு. சுற்றை மூன்று நிமிடமாகக் குறைத்தால் 400 டன் போதும், ஆனால் 400 டன் திடப்பொருளை மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சூடேற்றி ஆறவைக்க வேண்டும். திரவத்தை பம்ப் போட்டு வெப்பமாற்றி வழியாக அனுப்பிவிடலாம், உருண்டைகளை அப்படி அனுப்ப முடியாது. மணிக்கு 15, 20 லட்சம் கன மீட்டர் புகையை அந்த உருண்டைப் படுகைக்குள் தள்ளும் விசிறிக்கே எவ்வளவு மின்சாரம் என்பது வேறு.

நீங்கள் படித்த நோபல் செய்திப் பொருள், எம்ஓஎஃப் என்ற உலோக-கரிமச் சட்டகங்கள். சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி மூவருக்கும் பரிசு. உலோக அணுக்களை மூட்டாகவும் கரிம மூலக்கூறுகளைக் கம்பாகவும் வைத்துக் கட்டிய சாரம் மாதிரி. துளையின் அளவையும் பிடியின் இறுக்கத்தையும் நாமே தீர்மானிக்கலாம் என்பதுதான் இதன் பெருமை, மேலே சொன்ன நடுப்பிடியைத் தேடுபவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் இவற்றில் பல, ஈரம் பட்டால் சிதைந்துவிடும் அல்லது தண்ணீரையே பிடித்துக்கொள்ளும். கால்ஃப்-20 என்ற துத்தநாகச் சட்டகம் விதிவிலக்கு. ஓரளவு ஈரத்திலும் கார்பன் டை ஆக்சைடைத்தான் தேர்ந்தெடுக்கிறது, நீராவியையும் தாங்குகிறது. கனடாவின் ஸ்வாண்டே நிறுவனம் அதைத் தாள்களில் பூசிச் சுழலும் இயந்திரத்தில் வைத்து, ஒரு நிமிடம் அளவிலான சுற்றுகளில் ஓட்டுகிறது. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் அந்தப் பொருளை டன் கணக்கில் தயாரிக்கிறது. வேலை செய்கிறது என்பதில் சந்தேகமில்லை. நிலக்கரிப் புகையில் ஐந்து வருடம் ஓடிய பின்னும் கட்டுப்படியாகுமா என்பதை எந்த ஆலையும் இன்னும் ஓட்டிக் காட்டவில்லை. நான் எம்ஓஎஃப்பை ஒரு கண்காட்சியில் குப்பிக்குள் பொடியாகப் பார்த்ததோடு சரி, அதை ஓட்டிய அனுபவம் எனக்குக் கிடையாது.

மறுபயன்பாடு என்பதற்காகவே ஒன்றை உயர்த்திப் பேசவும் வேண்டாம். கந்தக டை ஆக்சைடுக்கு வெல்மன்-லார்ட் என்ற முறை 1970களிலேயே இருந்தது. சோடியம் சல்ஃபைட் கரைசல் பிடிக்கும், சூடேற்றினால் விடும், திரும்ப ஓடும், ரொம்ப நேர்த்தியான வேதியியல். ஆனாலும் உலகம் முழுக்கப் பரவியது, சுண்ணாம்புக்கல் கூழைத் தெளித்து ஜிப்சமாக்கி அப்படியே எடுத்துவிடும் முறைதான். கல் மலிவு, ஜிப்சம் சிமெண்டுக்கும் பலகைக்கும் போகிறது. அதைத் திரும்பச் சுண்ணாம்பாக்க 1,200 டிகிரிக்கும் மேலே சுட வேண்டும், யாருக்கும் கட்டுப்படியாகாது. ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தள்ளுவதே அந்த இடத்தில் சரியான முடிவு.

உங்களுக்கு நான் அழுத்திச் சொல்ல நினைப்பதும் அந்தச் சாதாரணக் கல்லைப் பற்றித்தான். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவுதான், இருந்தும் புகையில் கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சில நூறு பங்கு இருக்கும். அமீனுக்கு அது பத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். ஆகவே நோபல் பரிசுப் பஞ்சோ அமீனோ எது வருவதாக இருந்தாலும், பெரும்பாலும் அதற்கு முன் கந்தகத்தை எடுத்திருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு பூமிக்குக் கேடு, ஆனால் மாடியில் காயும் துணிமீது விழும் சாம்பலும் தொண்டையைக் கரகரக்கவைக்கும் கந்தகமும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் நுரையீரலுக்கு இன்றைக்கே கேடு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களுக்கு கந்தக டை ஆக்சைடு வரம்பை 2015 டிசம்பரில் கொண்டுவந்தது. கெடு பலமுறை தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த வரம்பிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள். இந்தப் பத்து வருடத்தில் பொருள் கிடைக்காததால் யாரும் காத்திருக்கவில்லை, சுண்ணாம்புக்கல் தெளிக்கும் முறை உலகில் அரை நூற்றாண்டாக ஓடுகிறது.

நிலையங்களை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பெருநகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவை ஏ, மாசு அதிகமென்று பட்டியலிட்ட பகுதிகளை ஒட்டியவை பி, மற்றவை சி. விலக்கு சி பிரிவுக்கு, பி பிரிவை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுப்பார்கள். உங்கள் ஊர் நிலையம் எந்தப் பிரிவு, அதில் கந்தகம் நீக்கும் அமைப்பு கட்டியிருக்கிறார்களா, கட்டியிருந்தால் ஓட்டுகிறார்களா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுதிக் கேளுங்கள். புகைபோக்கியில் தொடர்ந்து அளக்கும் கருவி இருக்கும், அதன் தூசி, கந்தக அளவீடுகளையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.